நான்கு நொடி ஓட்டத்துக்குப் பின்னால்: புதிர்வழியைத் தானே கற்றுக்கொள்ளும் எலி ரோபோ எப்படி இயங்குகிறது?

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சக்கர வண்டி. வெள்ளைச் சுவர்களால் ஆன புதிர்வழியின் மூலையிலிருந்து புறப்படுகிறது. நம் கண் பின்தொடர்வதற்குள் எத்தனையோ திருப்பங்களைக் கடந்து நடுவில் போய் நின்றுவிடுகிறது. 2011இல் ஜப்பானின் தேசியப் போட்டியில் சிங்கப்பூரின் இங் பெங் கியாட் உருவாக்கிய மின்7 என்ற எலி இப்படி ஓடி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் 3.921 நொடி.

இத்தகைய காணொளிகளைப் பார்ப்பவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் வருகின்றன. யாராவது ரிமோட்டில் ஓட்டுகிறார்களா? வழியை முன்கூட்டியே அதற்குள் ஏற்றிவிட்டார்களா? அல்லது பெரிய செயற்கை நுண்ணறிவு ஏதாவது உள்ளே இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் "இல்லை" என்பதுதான். நாம் பார்த்தது கடைசி ஓட்டம். அதற்கு முன்னால் அதே எலி, அதே தளத்தில், சில நிமிடங்கள் மெதுவாக ஊர்ந்து, முட்டுச்சந்துகளில் நுழைந்து திரும்பி, சுவர்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருக்கும். காணொளியில் பெரும்பாலும் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். விளக்க வேண்டியதோ அதைத்தான்.

இந்த ரோபோவின் வேலையை மூன்று கேள்விகளாகப் பிரிக்கலாம். எந்த வழியில் போவது? இப்போது எங்கே இருக்கிறேன்? எவ்வளவு வேகத்தில் போகலாம்? பலரும் முதல் கேள்வியைத்தான் கடினமானது என்று நினைக்கிறார்கள். ரோபோ தோற்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்.

அடிப்படை விதிகள்

இந்த வகை ரோபோவுக்கு மைக்ரோமவுஸ் என்று பெயர். போட்டிக்குப் போட்டி சிறு மாற்றங்கள் இருந்தாலும், நீண்ட காலமாக நிலைத்திருக்கும் விதிகள் இவை:

1. தளம் 16 × 16, ஆக 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 18 செ.மீ. சதுரம். சுவரின் உயரம் 5 செ.மீ., தடிமன் 1.2 செ.மீ. எனவே எலி ஓடுவதற்குக் கிடைக்கும் இடைவெளி 16.8 செ.மீ.
2. புறப்படும் இடம் ஒரு மூலைக் கட்டம். அதன் மூன்று பக்கமும் சுவர். சேர வேண்டிய இடம் தளத்தின் நடுவிலுள்ள நான்கு கட்டங்கள்.
3. சுவர்கள் எங்கெங்கே என்பது எலிக்கு முன்கூட்டித் தெரியாது. தளத்தில் இறக்கிவிட்ட பிறகு அதைச் சொல்லிக்கொடுக்கவும் கூடாது. மின்கலம், கணினிச் சில்லு, சென்சார் எல்லாம் எலியின் மேலேயே இருக்க வேண்டும்.
4. சுவரைத் தாண்டவோ, ஏறவோ, சேதப்படுத்தவோ கூடாது.
5. எல்லாம் சேர்த்து 10 நிமிடம் அல்லது அதற்கும் குறைவான நேரம். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடலாம். மிகக் குறைந்த நேரம் கணக்கில் வரும். சில போட்டிகளில் தேடலுக்குச் செலவான நேரத்தில் 30இல் ஒரு பங்கை ஓட்ட நேரத்தோடு கூட்டுவார்கள்.

ஜப்பானில் பிற்பாடு பாதி அளவுத் தளமும் வந்தது. அதில் 9 செ.மீ. கட்டங்கள், 32 × 32 வரிசை. இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் விழாவில் மைக்ரோமவுஸ் போட்டி நடந்திருக்கிறது.

புதிர்வழி என்ற சொல்லையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழகத்தில் தரையில் கல் அடுக்கி அமைத்திருக்கும் ஏழு சுற்றுக் கோட்டையில் கிளைகள் கிடையாது. எவ்வளவு சுற்றினாலும் ஒரே வழிதான், நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்கு வந்துவிடலாம். மைக்ரோமவுஸ் தளம் அப்படியல்ல. கிளைகள் உண்டு, முட்டுச்சந்துகள் உண்டு, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேரும் வளையங்களும் உண்டு. சிறுவர் இதழ்களில் வரும் "முயலுக்கு வழி காட்டுங்கள்" புதிரையும் இதனோடு ஒப்பிட முடியாது. அங்கே நாம் மேலிருந்து முழுப் படத்தையும் பார்க்கிறோம். எலிக்குத் தெரிவது அது நிற்கும் கட்டத்தின் சுவர்கள் மட்டுமே.

மூளை மேசைக்கு அடியிலிருந்து எலிக்குள் வந்த கதை

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கிளாட் ஷானன் தீசியஸ் என்ற எலியைச் செய்தார். 25 கட்டங்கள் கொண்ட தளத்தில் முட்டி மோதி வழியைக் கண்டுபிடித்து, அடுத்த முறை பிழையில்லாமல் ஓடும். ஆனால் அந்த எலி வெறும் காந்தம் பொருத்திய பொம்மைதான். நினைவு வைத்துக்கொண்டது தளத்துக்கு அடியிலிருந்த தொலைபேசி ரிலேக்கள், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் ஆளிகள். எலியை இழுத்துச் சென்றதும் அடியில் நகர்ந்த காந்தமே.

நுண்செயலி மலிவான பிறகுதான் மூளையை எலியின் முதுகில் ஏற்றுவது சாத்தியமானது. அமெரிக்க மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் ஸ்பெக்ட்ரம் இதழ் 1977இல் அப்படி ஒரு போட்டியை அறிவித்தது. 1979இல் நியூயார்க்கில் இறுதிச் சுற்று நடந்தது. அதில் எதையும் கற்றுக்கொள்ளாமல், சுவரை ஒட்டியே வேகமாக ஓடிய எளிய இயந்திரங்கள், யோசிக்கும் இயந்திரங்களை முந்திவிட்டன. இலக்கு தளத்தின் வெளிவாசலாக இருந்ததே காரணம். இங்கிலாந்தின் ஜான் பில்லிங்ஸ்லி இலக்கை நடுவுக்கு மாற்றினார். 1980இல் லண்டனில் ஐரோப்பியப் போட்டி நடந்தது, ஜப்பானின் தேசியப் போட்டியும் அதே ஆண்டு தொடங்கியது. இலக்கை நடுவுக்குக் கொண்டுவந்த அந்த ஒரு மாற்றம் இந்தத் துறையின் போக்கையே தீர்மானித்தது. ஏன் என்று பார்ப்போம்.

சுவரைத் தொட்டுக்கொண்டே போனால் போதாதா?

இருட்டான வீட்டில் வலக்கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடந்தால் எப்படியும் வாசலுக்கு வந்துவிடலாம். வாசல் இருக்கும் சுவரும் நாம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரும் தொடர்ச்சியாக இருக்கும்வரை இது பலிக்கும்.

இலக்கு நடுவில் இருந்தால் நிலைமை வேறு. நடுவைச் சுற்றியுள்ள சுவர்கள் வெளிச்சுவரோடு எங்கும் ஒட்டாமல், நீர் சூழ்ந்த தீவு போல் தனியாக நிற்கலாம். வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டு வரும் எலி அந்தத் தீவை ஒருபோதும் தொடாது; புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். போட்டித் தளத்தை அமைப்பவர்கள் வேண்டுமென்றே இப்படி அமைக்கிறார்கள். எனவே எலிக்கு நினைவு தேவைப்படுகிறது. நினைவில் இருப்பதை வைத்து முடிவெடுக்க ஒரு முறையும் தேவைப்படுகிறது.

வெள்ளம் நிரப்பும் முறை

பெரும்பாலான எலிகள் பயன்படுத்தும் முறைக்கு வெள்ள நிரப்பு என்று பெயர். வயலின் ஒரு மூலையில் மடையைத் திறந்துவிட்டால் நீர் முதலில் பக்கத்துப் பாத்தியையும், பிறகு அதற்கடுத்த பாத்தியையும் நனைத்துக்கொண்டே போகும். வரப்பு இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். எந்தப் பாத்தி எத்தனையாவதாக நனைந்தது என்று எழுதி வைத்தால், அதுவே மடையிலிருந்து அந்தப் பாத்தியின் தூரம். இங்கே மடை என்பது நடுவிலுள்ள இலக்கு.

1. தொடக்கத்தில் வெளிச்சுவரைத் தவிர வேறு சுவரே இல்லை என்று எலி வைத்துக்கொள்கிறது.
2. இலக்கின் நான்கு கட்டங்களுக்கும் 0 என்று எழுதுகிறது. அவற்றை ஒட்டியவை 1, அவற்றை ஒட்டியவை 2 என்று 256 கட்டங்களையும் நிரப்புகிறது. மூலையில் உள்ள புறப்படும் கட்டத்துக்கு 14 வரும்.
3. தான் நிற்கும் கட்டத்தைவிடக் குறைந்த எண் உள்ள பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறது.
4. புதிய சுவர் தென்பட்டால் அதைக் குறித்துக்கொண்டு, எண்களை மறுபடி நிரப்புகிறது.
5. 0 வரும்வரை 3, 4 இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. எலி 14இலிருந்து 13க்கும், அங்கிருந்து நேராக 12க்கும் போகிறது. 12இல் நின்று பார்த்தால் எதிரே சுவர், வலப்பக்கமும் சுவர், இடப்பக்கம் ஏற்கெனவே வெளிச்சுவர். பக்கத்தில் 11 என்று எழுதியிருந்த இரண்டு கட்டங்களுக்கும் வழி அடைபட்டுவிட்டது. மறுபடி நிரப்பினால் இந்தக் கட்டத்தின் எண் 14 ஆகிறது, ஏனென்றால் இனி பின்னாலுள்ள 13 வழியாக மட்டுமே இலக்குக்குப் போக முடியும். "குறைந்த எண்ணுக்குப் போ" என்ற அதே விதி எலியைத் தானாகவே பின்னுக்குத் திருப்பிவிடுகிறது. முட்டுச்சந்திலிருந்து வெளியேறத் தனியாக ஒரு கட்டளை எழுத வேண்டியதில்லை. இந்த முறையின் அழகு அதுதான்.

நினைவகமும் மிகக் குறைவாகவே தேவை. ஒரு கட்டத்தின் தூரத்துக்கு ஒரு பைட்டு. நான்கு சுவர்களுக்கு நான்கு பிட்டு, அந்தச் சுவர்களைப் பார்த்தாயிற்றா என்பதற்கு இன்னொரு நான்கு பிட்டு, ஆக இன்னொரு பைட்டு. மொத்தம் 512 பைட்டு. மாணவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகையில் 2,048 பைட்டு நினைவகம் உண்டு. நிரப்பும் கணக்குக்கு வேண்டிய இடைக்கால வரிசைக்கும் இடம் மிஞ்சும்.

நடுவை அடைந்தால் வேலை முடிந்ததா?

முடியவில்லை. எலி வந்த வழி ஒரு வழி. அதைவிட நல்ல வழி பார்க்காத பகுதியில் இருக்கலாம். அதனால் நடுவைத் தொட்டதும் புறப்பட்ட மூலையை இலக்காக வைத்து, முடிந்தவரை பார்க்காத கட்டங்கள் வழியாகத் திரும்பி வருகிறது. எவ்வளவு பார்த்தால் போதும்? 256 கட்டங்களையும் பார்க்க நேரமில்லை, தேவையும் இல்லை.

இதற்கு ஒரு நுட்பமான சோதனை உண்டு. வெள்ளத்தை இரண்டு முறை நிரப்ப வேண்டும். முதல் முறை, பார்க்காத இடங்களில் எல்லாம் சுவரே இல்லை என்று வைத்துக்கொண்டு. இரண்டாம் முறை, பார்க்காத இடங்களில் எல்லாம் சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு. முதல் கணக்கு தரும் தூரத்தைவிடக் குறைந்த வழி எங்கும் இருக்க முடியாது. இரண்டாம் கணக்கு தருவதோ நிச்சயமாக ஓடக்கூடிய வழி. இரண்டு விடையும் ஒன்றானால், பார்க்காத பகுதியில் என்ன இருந்தாலும் இதைவிடக் குறுகிய வழி கிடையாது என்பது உறுதியாகிறது. அதோடு தேடலை நிறுத்திவிடலாம். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், முதல் கணக்கின் வழியில் வரும் பார்க்காத கட்டங்களை மட்டும் போய்ப் பார்த்தால் போதும்.

குறுகிய வழி வேறு, விரைவான வழி வேறு

வெள்ள நிரப்பு தூரத்தை எண்ணுகிறது, போட்டியோ நேரத்தை அளக்கிறது. ஓர் எலிக்கு நேர்ப்பாதையில் ஒரு கட்டத்துக்கு 0.15 நொடியும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூடுதலாக 0.25 நொடியும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கட்டம், 20 திருப்பம் உள்ள வழிக்கு 6 + 5 = 11 நொடி. 46 கட்டம், 8 திருப்பம் உள்ள வழிக்கு 6.9 + 2 = 8.9 நொடி. ஆறு கட்டம் அதிகம் ஓடியும் இரண்டு நொடிக்கு மேல் மிச்சமாகிறது.

அதனால் தேர்ந்த எலிகள் கட்டத்துக்கு 1 என்று எண்ணுவதில்லை. நீளமான நேர்ப்பாதையில் வேகம் கூடிக்கொண்டே போவதால் பிந்தைய கட்டங்களுக்குக் குறைந்த மதிப்பு, திருப்பத்துக்குத் தனி மதிப்பு என்று நேரத்தையே எண்ணாக எழுதுகின்றன. அந்த மதிப்புகள் ஒவ்வோர் எலிக்கும் வேறு. மோட்டார் வலுவான எலிக்கு நீண்ட நேர்ப்பாதை லாபம், மெதுவான எலிக்குக் குறுகிய வழியே லாபம். ஒரே தளத்தில் இரண்டு எலிகள் வெவ்வேறு வழியில் ஓடுவதைப் பார்த்து ஒன்று தவறு செய்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

தான் எங்கே இருக்கிறோம் என்பது எலிக்கு எப்படித் தெரியும்?

இதுவரை சொன்ன எல்லாமே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: எலிக்குத் தன் கட்டம் எது, முகம் எந்தத் திசையில் என்பது சரியாகத் தெரிய வேண்டும். ஒரே ஒரு கட்டம் தவறாக எண்ணிவிட்டால், அதற்குப் பிறகு குறிக்கும் ஒவ்வொரு சுவரும் தவறான இடத்தில் பதிவாகும். வரைபடமே பொய்யாகிவிடும். அதற்குமேல் எவ்வளவு நல்ல கணக்கு போட்டாலும் பயனில்லை.

எலி முதலில் நம்புவது சக்கரத்தின் சுழற்சியை. மோட்டார் அச்சில் பொருத்திய என்கோடர் என்ற பாகம், அச்சு சுழலச் சுழல மின்துடிப்புகளைத் தரும். கணக்கைப் பார்ப்போம். சக்கர விட்டம் 32 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 100.5 மி.மீ. மோட்டார் ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு, பல்சக்கர விகிதம் 30க்கு 1 என்றால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 360 துடிப்பு. ஒரு துடிப்புக்கு 0.28 மி.மீ. ஒரு கட்டத்தைக் கடக்க ஏறத்தாழ 645 துடிப்பு. காகிதத்தில் இது மிகத் துல்லியமான கருவியாகத் தெரிகிறது.

தளத்தில் அப்படியில்லை. ஒரு சக்கரம் மற்றதைவிட 1 சதவீதம் பெரியது என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தில் வித்தியாசம் 0.32 மி.மீ., மூன்று நான்கு தாள்களின் கனம். இரண்டு சக்கரமும் ஒரே எண்ணிக்கை சுற்றினால், ஒரு கட்டத்துக்குள் பெரிய சக்கரம் 1.8 மி.மீ. கூடுதலாகப் போகும். சக்கரங்களுக்கு நடுவே 70 மி.மீ. இடைவெளி என்றால், எலியின் முகம் ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை பாகை திரும்பிவிடும். ஐந்து கட்டம் போவதற்குள் நடுக்கோட்டிலிருந்து சுமார் 58 மி.மீ. விலகியிருக்கும். 80 மி.மீ. அகல எலிக்கு இரு பக்கமும் இருப்பது 44 மி.மீ. இடம்தான். ஐந்தாவது கட்டத்துக்குள் சுவரில் மோதிவிடும். துடிப்புகளை எவ்வளவு சரியாக எண்ணினாலும் இந்தப் பிழை மறையாது, ஏனென்றால் பிழை எண்ணிக்கையில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது.

எனவே ஒன்றின் பிழையை இன்னொன்று பிடிக்கும்படி பல அளவீடுகளைச் சேர்க்கிறார்கள்.

கைரோ. செல்பேசி தான் திரும்புவதை உணர உதவும் அதே வகைச் சில்லு. எலி எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று அளக்கும். அதைக் கூட்டிக்கொண்டே வந்தால் திரும்பிய கோணம் கிடைக்கும். சக்கரம் வழுக்கினாலும் கைரோ ஏமாறாது. ஆனால் அசையாமல் நிற்கும்போதும் அது சிறிய ஒரு பொய் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். புறப்படுவதற்கு முன் எலியைச் சற்று நேரம் அசையாமல் வைத்து அந்த அளவைக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். போட்டியாளர்கள் எலியைத் தளத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக் காத்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

சுவர் சென்சார். அகச்சிவப்பு விளக்கும் அதைப் பார்க்கும் ஒளி டிரான்சிஸ்டரும் ஒரு சோடி. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியின் அளவைக் கொண்டு தூரம் கணிக்கப்படும். வழக்கமாக நான்கு சோடி: இரண்டு முன்னே பார்க்க, இரண்டு பக்கவாட்டில் சாய்வாகப் பார்க்க. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. அதனால் விளக்கை அணைத்து ஓர் அளவு, ஏற்றி ஓர் அளவு எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாத எலி ஆய்வகத்தில் நன்றாக ஓடும், ஜன்னல் வெளிச்சம் விழும் அரங்கில் இல்லாத சுவரைப் பார்த்து நின்றுவிடும். இரண்டாவது, திரும்பி வரும் ஒளி தூரத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. கிட்டத்தில் மிகக் கூர்மையாகவும், எட்ட எட்டச் சரிவு குறைந்தும் மாறும். ஒவ்வொரு சென்சாருக்கும் தெரிந்த தூரங்களில் அளவெடுத்து அட்டவணை போட்டு வைத்தால்தான் அதன் எண்ணை மில்லிமீட்டராக மாற்ற முடியும்.

பக்கச் சுவர்களை வைத்து எலி தன்னை நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் முன்னோக்கிய தூரத்தில் வரும் பிழையை எப்படித் திருத்துவது? எதிரே சுவர் வந்தால் அதன் தூரத்தை அளந்து திருத்தலாம். நீண்ட நேர்ப்பாதையில் எதிர்ச்சுவர் இருக்காது. அங்கே கைகொடுப்பது சுவரின் விளிம்பு. பக்கத்துச் சுவர் முடிந்து திறப்பு தொடங்கும் இடத்தில் சென்சாரின் எண் சட்டென்று விழும். சுவர்கள் கட்டத்தின் எல்லையில் மட்டுமே முடிய முடியும் என்பதால், அந்தக் கணத்தில் எலிக்குத் தன் இடம் மில்லிமீட்டர் அளவில் தெரிந்துவிடுகிறது. அதுவரை சேர்ந்த என்கோடர் பிழையை அங்கேயே அழித்துவிடலாம். வெற்றிபெறும் எலிக்கும் பாதியில் நிற்கும் எலிக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்த ஒரு திருத்தம்தான்.

அளந்த பிறகு திருத்துவது கட்டுப்பாட்டின் வேலை. நொடிக்கு 1,000 முறை எலி இப்படிக் கேட்டுக்கொள்கிறது: இந்தக் கணத்தில் நான் எங்கே இருந்திருக்க வேண்டும், எங்கே இருக்கிறேன்? விலகல் எவ்வளவோ அதற்கேற்ற திருத்தம் ஒரு பங்கு. விலகல் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அதற்கேற்ற திருத்தம் இன்னொரு பங்கு. முதல் பங்கு மட்டும் இருந்தால் எலி பாம்பு போல் இருபுறமும் ஆடும். இரண்டாவது பங்கு அந்த ஆட்டத்தை அடக்குகிறது.

உடல்: மோட்டார், மின்கலம், எடை

தொடங்குபவர்களுக்கு என்20 வகைச் சிறிய பல்சக்கர மோட்டார் போதும். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் அதே பெயரில் கேட்கலாம். என்கோடருடன் சேர்ந்து வரும் வகையை வாங்குங்கள், பிற்பாடு ஒட்டவைப்பது பெரும் சிரமம். முன்னணி எலிகளில் இருப்பது உள்ளகமில்லாச் சுருள் மோட்டார்: சுழலும் பகுதியில் இரும்பு இல்லாததால் நொடியில் வேகமெடுக்கும், நொடியில் அடங்கும்.

மின்கலம் பெரும்பாலும் லித்தியம் பாலிமர். அதன் ஒரு செல்லை முழுதாக மின்னேற்றினால் 4.2 வோல்ட், ஓட ஓட 3.7ஐ நோக்கி இறங்கும். அதே கட்டளைக்கு மோட்டார் முதல் ஓட்டத்தில் ஒரு வேகத்திலும் கடைசி ஓட்டத்தில் இன்னொரு வேகத்திலும் சுழலும் என்பது இதன் பொருள். மின்னழுத்தத்தை அளந்து கட்டளையைச் சரிசெய்ய வேண்டும். இன்னொரு தொல்லை, மோட்டார் திடீரென வேகமெடுக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து கணினிச் சில்லு மறுதொடக்கம் ஆகிவிடுவது. சில்லுக்குத் தனி மின்னழுத்தச் சீராக்கியும், மோட்டார் பக்கம் போதிய மின்தேக்கியும் வைத்தால் இது வராது.

எடையைக் குறைத்து, தாழ்வாகவும் சக்கர அச்சுக்கு அருகிலும் வையுங்கள். நல்ல எலிகளுக்குத் தனிச் சட்டமே கிடையாது, மின்சுற்றுப் பலகையே உடலாக இருக்கும்.

வேகத்தின் எல்லை எங்கே?

மோட்டாரின் வலுவல்ல, டயரின் பிடிப்புதான் எல்லை. ரப்பர் டயருக்கும் தளத்துக்கும் இடையிலான உராய்வு, எலியின் எடைக்குச் சமமான விசையைத் தாங்கும் என்று கொண்டால், வேகமெடுக்கவும் திரும்பவும் கிடைக்கும் முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் 10 மீட்டர். 9 செ.மீ. ஆரமுள்ள வளைவில் அதிகபட்சம் நொடிக்கு 0.95 மீட்டர் வேகம், அதற்குமேல் வழுக்கும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் எலி நிற்க 45 செ.மீ. வேண்டும், இரண்டரைக் கட்டம். தளத்தின் தூசி டயரில் ஒட்டினால் இந்தப் பிடிப்பும் குறையும். ஓட்டங்களுக்கு இடையில் டயரை ஒட்டு நாடாவில் அழுத்தித் தூசியை எடுப்பதைப் போட்டிகளில் பார்க்கலாம்.

எடையைக் கூட்டினால் பிடிப்பு கூடும், ஆனால் நகர்த்த வேண்டிய பொருளும் அதே அளவு கூடிவிடுவதால் லாபமில்லை. இங்கே வந்ததுதான் உறிஞ்சும் விசிறி. எலியின் வயிற்றுக்கும் தளத்துக்கும் இடையே உள்ள காற்றை விசிறி வெளியே தள்ள, அங்கே அழுத்தம் குறைந்து, மேலுள்ள காற்று எலியைத் தளத்தோடு அமுக்குகிறது. 100 கிராம் எலியை இன்னொரு 100 கிராம் எடைக்கு ஈடான விசை அமுக்கினால், பிடிப்பு இரட்டிப்பாகிறது. நகர வேண்டிய பொருளோ அதே 100 கிராம். முன்னே 0.95 மீட்டரில் எடுத்த வளைவை இப்போது 1.34 மீட்டரில் எடுக்கலாம்.

இன்னொரு பாய்ச்சல் மூலைவிட்ட ஓட்டம். வலம், இடம், வலம், இடம் என்று படிக்கட்டு போல் வரும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பாமல், சுவர்த் திறப்புகளின் நடுப்புள்ளிகளை இணைத்து 45 பாகையில் நேராக ஓடுவது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான மிட்டி மவுஸ் இதற்குப் பெயர்பெற்றது. அப்போது இருபுறமும் சுவர் இருக்காது, கட்டங்களின் மூலைகளில் நிற்கும் தூண்களின் முனைகள் மட்டுமே இருக்கும். அவற்றுக்கு இடையே கிடைப்பது சுமார் 110 மி.மீ. 80 மி.மீ. அகல எலிக்குப் பக்கத்துக்கு 15 மி.மீ. இடம். எலிகள் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே வருவதற்குக் காரணம் இது.

எந்த வரிசையில் கட்டுவது?

வெள்ள நிரப்பை முதலில் எழுதிவிட்டு, அதை ஓட்டுவதற்கு ஒரு வண்டி செய்யும் அணிகள் உண்டு. என் பார்வையில் இது தலைகீழ் வரிசை. வழி தேடும் கணக்கை மேசைக் கணினியிலேயே, பழைய போட்டித் தளங்களின் வரைபடங்களை வைத்து முழுதாகச் சோதித்துவிடலாம். சக்கரத்தையும் சென்சாரையும் அப்படிச் சோதிக்க முடியாது.

1. எலியைக் கையால் 1 மீட்டர் தள்ளி இரண்டு என்கோடரின் எண்ணிக்கையையும் குறியுங்கள். சக்கரங்களின் உண்மையான விட்டம் அதிலிருந்து கிடைக்கும்.
2. சுவரில்லாத் தரையில் 1 மீட்டர் தானாக ஓடி நிற்கச் செய்யுங்கள். மெதுவாகவும் வேகமாகவும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.
3. நின்ற இடத்திலேயே 90 பாகையாக 40 முறை திரும்பச் செய்யுங்கள். அது பத்து முழுச் சுற்று, தொடங்கிய திசையையே பார்க்க வேண்டும். ஒரு திருப்பத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை நாற்பதில் தெரிந்துவிடும்.
4. உண்மையான அளவில் சில கட்டங்களைச் செய்து சென்சார்களுக்கு அட்டவணை போடுங்கள். முழுத் தளம் இதற்குத் தேவையில்லை; வெள்ளை அடித்த சில பலகைகள் போதும். வீட்டின் வேறு சுவரையோ புத்தக அட்டையையோ வைத்து அளவெடுக்காதீர்கள், ஒளியைத் திருப்பும் தன்மை மாறிவிடும்.
5. நேர்ப்பாதையில் வேண்டுமென்றே கோணலாக வைத்து ஓடவிடுங்கள். இரண்டு கட்டத்துக்குள் நடுவுக்கு வர வேண்டும்.
6. இதன் பிறகு தேடல். அது பிழையில்லாமல் பலமுறை முடிந்த பிறகே வேக ஓட்டம்.

மோதிவிட்டால்?

போட்டியில் மோதல் நடக்கும். எலியை எடுத்து மறுபடி மூலையில் வைத்து ஓடவிட அனுமதி உண்டு, ஆனால் கடிகாரம் நிற்காது. நினைவிலுள்ள வரைபடம் மறுதொடக்கத்தில் அழிந்துவிட்டால் தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும், பல நேரம் அதற்குள் 10 நிமிடம் முடிந்துவிடும். எனவே மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் வரைபடத்தை அவ்வப்போது எழுதி வைக்கிறார்கள். ஆர்டுயினோ நானோவில் அதற்கு 1,024 பைட்டு உண்டு. சுவர்களுக்குத் தேவை 256தான்.

ஆனால் எதை எழுதி வைப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். எலி மோதியது என்றால், மோதலுக்கு முன்பே தன் இடத்தைத் தவறாகக் கணித்திருக்க வாய்ப்பு அதிகம். அதாவது கடைசியாகக் குறித்த சில சுவர்கள் பொய்யாக இருக்கலாம். இல்லாத ஒரு சுவரை நினைவில் வைத்திருக்கும் எலி, இலக்குக்கு வழியே இல்லை என்று முடிவுகட்டி அப்படியே நின்றுவிடும். அதனால் கவனமாக எழுதிய நிரல்கள் வரைபடத்தோடு, எந்தக் கட்டத்தை எந்த வரிசையில் பார்த்தோம் என்பதையும் சேர்த்து வைக்கின்றன. மோதல் நடந்தால் கடைசியாகப் பார்த்த சில கட்டங்களின் பதிவை மட்டும் அழித்து, அவற்றைப் "பார்க்காதவை" என்று மாற்றிவிட்டு, மற்றதை நம்பி மூலையிலிருந்து மறுபடி புறப்படுகின்றன.